கோட்டக்காவின் மூன்றாவது பாடம்

வெள்ளைக் கோட்டு இல்லாமல் எங்கள் ஆய்வகத்துக்குள் யாரும் காலெடுத்து வைக்க முடியாது. அந்தக் கோட்டுகளைத் தைத்துக் கொடுத்தவள் கோட்டக்கா. என்னைவிட ஐந்து வயது இளையவள்தான், இருந்தாலும் எனக்கும் அக்கா. மாணவர்கள் வைத்த பெயர் துறைத் தலைவர் வரை ஒட்டிக்கொண்டது. வருடா வருடம் முதலாண்டுப் பிள்ளைகள் சேர்ந்த வாரத்தில் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வருவாள். வரிசையில் நிற்க வைத்து அளவெடுப்பாள். ஒல்லிப் பயலைப் பார்த்து, சாப்பிடுவதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்பாள். குண்டாக இருப்பவனிடம், பரீட்சை முடிவதற்குள் நீ இளைத்துவிடுவாய், தையலைப் பிரித்துச் சின்னதாக்கித் தருகிறேன் என்று ஆறுதல் சொல்வாள். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடிப்படிக்குக் கீழே, இரண்டு தையல் மெஷின் போட்ட சின்ன இடம் அவளுடையது.

நான் இருபத்திரண்டு வருடமாக ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறேன். வேதித் தொழில்கள், ஓர் அறிமுகம். சோப்பு, சர்க்கரை, சிமெண்ட், உரம், காகிதம், அமிலம் என்று ஒவ்வொரு தொழிற்சாலைக்குள்ளும் ஒரு வாரம் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வரும் பாடம். கரை ஓரமாகக் கால் நனைப்பது மாதிரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு, அதனால் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார்கள். நான் சாக்பீஸை வீசுவேன். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊரே சொல்லும். சொல்வதில் தப்பில்லை. இந்தக் கதையில் அந்தக் கோபத்துக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

அந்த வருடம் கோட்டக்கா டேப்போடு வரவில்லை, நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். எங்கள் அறிமுகப் பாடத்தில் வெளியாட்களும் கட்டணம் கட்டிச் சேரலாம், ஆனால் பல வருடமாக ஒருவரும் சேர்ந்ததில்லை. நாற்பத்தைந்து வயதில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளை, அவள் தைத்த கோட்டுகளே திரும்பித் திரும்பிப் பார்த்தன. வகுப்பு முடிந்ததும் ஏன் இந்தப் பாடம் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து பாலித்தீன் உறை போட்ட ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். அவள் கணவர் இறந்த விபத்தைப் பற்றிய விசாரணை அறிக்கை. ஒன்பது வருடமாக வைத்திருக்கிறாள்.

"படிக்கத் தெரியும் டீச்சர். படிச்சா ஒண்ணும் புரியல. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றாள்.

அவள் கணவர் காகித ஆலையில் டேங்கர் லாரிகளிலிருந்து திரவங்களை இறக்கும் வேலையில் இருந்தார். பதின்மூன்று வருட அனுபவம். லாரி வந்து நின்றதும் அதன் ரப்பர் குழாயைத் தொட்டிக்குப் போகும் இரும்புக் குழாயில் மாட்டி, வால்வைத் திறக்க வேண்டும். அங்கே ஆசிட் தொட்டிக்கு ஒரு குழாய், காகிதக் கூழை வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தின் தொட்டிக்கு ஒரு குழாய், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஒருநாள் காலை பத்தே முக்காலுக்கு வந்த ஆசிட் லாரி, பிளீச்சிங் தொட்டியில் இறங்கியது. இரண்டும் தனித்தனியே இருந்தால் சாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அவர் அங்கேயே விழுந்தார்.

அன்றைக்கு ஷிப்ட் இன்சார்ஜ், கோட்டக்காவின் சொந்த அண்ணன். மாப்பிள்ளைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஈரத்துணியை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடி மாப்பிள்ளையைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தார். தூக்கி வந்தது உயிரில்லாத உடம்பு. தன் தொண்டையையும் நுரையீரலையும் அந்த ஓட்டத்தில் பறிகொடுத்தார். மூன்று வாரம் கழித்து நடந்த விசாரணையில், தங்கையும் உட்கார்ந்திருந்த அறையில், காற்றுப் போன குரலில் ஒரே வாக்கியம் சொன்னார். "நான்தான் அந்தக் குழாய்ல மாட்டச் சொன்னேன்."

அவ்வளவுதான். வேலை போனது. தங்கை அன்றிலிருந்து அண்ணனோடு பேசவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தினாள். பதிவு அலுவலகத்தில் அவள் மகளுக்குக் கல்யாணம் நடந்தபோது அழைக்காத தாய்மாமன் எதிரே பேருந்து நிறுத்தத்தில் நின்றார். மகள் மாலையோடு படியிறங்கியதைப் பார்த்துவிட்டு வந்த பேருந்தில் ஏறிப் போனார். கோட்டக்கா அதைப் பார்த்தும் பார்க்காதது போல் இருந்திருக்கிறாள். இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் வருத்தமே இல்லை.

"ஏன் அப்படி மாட்டச் சொன்னாருன்னு அண்ணன் மூஞ்சிக்கு நேரா கேக்கணும். தெரிஞ்சே சொன்னாரா, தெரியாம சொன்னாரா? கேக்கறதுக்கு முன்னாடி எனக்கு விஷயம் தெரியணும். இல்லன்னா ஏதாவது சொல்லி ஏமாத்திடுவாரு."

இந்தப் பாடம் ஒருவருக்கு இந்த அளவுக்குத் தேவைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அதே வாரம் என் அறைக்கு ஒரு பெண் வந்தாள். கோட்டக்காவின் அண்ணி. புடவைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோட்டக்காவைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். தன் வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினாராம். ஒன்பது வருடமாகத் தங்கையிடம் எதுவும் கேட்காத மனுஷன், இது ஒன்றை மட்டும் கேட்கிறாராம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள். ஒரு பெண் தன் புருஷன் எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்வதைத் தடுக்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை சூடாகச் சொன்னேன். "நல்லதுக்குத்தான் மேடம் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு அண்ணி போனாள். நான் அதைக் கோட்டக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் மறுநாளிலிருந்து முன் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.

இரண்டாவது பாடம் அவளுக்கு வெல்லமாக இனித்தது. ஒரு தொழிற்சாலையை ஒரே தாளில் பெட்டியும் கோடுமாக வரைவது எப்படி, எந்தக் கோடு எதிலிருந்து எதற்குப் போகிறது, உள்ளே போன பொருளெல்லாம் ஏதோ ஒரு வழியாக வெளியே வந்தே ஆக வேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் விழித்தார்கள். அவளோ, நாலு மீட்டர் துணி வெட்டினால் கோட்டும் துண்டும் தூசியும் சேர்ந்து நாலு மீட்டர் வரத்தானே வேண்டும், இதற்கு எதற்கு டீச்சர் ஒரு மணி நேரம் என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாவது பாடம் குழாய்களும் நிறங்களும். தொழிற்சாலையில் எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்று காட்ட, குழாய் மேல் நிறப் பட்டை அடிப்பார்கள். எழுதி வைத்த பெயரை ஆசிட் புகை இரண்டே வருடத்தில் அரித்துவிடும், பட்டையை மட்டும் திரும்பத் திரும்பப் பூசுவார்கள். இந்தப் பாடத்தில் எனக்கு ஒரு பழைய விளையாட்டு உண்டு. நிறம் பார்க்கும் புள்ளிப் புத்தகத்தை எடுத்துப் போவேன். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள், அவற்றுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர் கண்ணுக்கு அந்த எண் தெரியாது. ஆண்களில் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் இப்படிப் பிறக்கிறார் என்பேன். ஒவ்வொரு வருடமும் எவனாவது ஒருவன் மாட்டுவான், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவனைக் கூப்பிட்டு, நீ வேறு எந்த வேலைக்கு வேண்டுமானாலும் போ, குழாயைத் தொடாதே என்பேன். தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேரும்போது இந்தப் புத்தகத்தைக் காட்டுவதே அதற்காகத்தான் என்று முடிப்பேன்.

அன்றும் முதல் பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். யாராவது சொல்வதற்குள் கோட்டக்கா, "பன்னெண்டு" என்றாள்.

சரி என்று தலையாட்டி அடுத்த பக்கத்தைத் திருப்பக் கையை வைத்தேன். திருப்புவதற்கு முன்பே, "எட்டு" என்றாள். எட்டுதான். "ஆறு" என்றாள். ஆறு. "இருபத்தொம்போது. அம்பத்தேழு. அஞ்சு. மூணு." நான் திருப்பத் திருப்ப அவள் ஒரு பக்கம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மேஜையைத் தட்டிக் கை கொட்டினார்கள். நானும் முட்டாள்தனமாக, கண்ணென்றால் இதுவல்லவா கண், தையல்காரக் கண் என்று பாராட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, புத்தகத்தையும் பார்க்கவில்லை. கரும்பலகையில் நான் வரைந்திருந்த இரண்டு குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் சிவப்புப் பட்டை, ஒன்றில் பச்சைப் பட்டை. "பதினஞ்சு" என்று சொல்லும்போதே எழுந்தாள். நோட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனாள்.

மறுநாள் காலை என் அறைக்கு வந்தபோது முகம் வீங்கியிருந்தது. அறிக்கையின் கடைசித் தாளை, வரைபடத்தை, என் முன்னால் விரித்தாள். பெட்டிகளையும் கோடுகளையும் அவளே படித்துவிட்டிருந்தாள். லாரி நிற்கும் இடத்தில் இரண்டு கோடுகளுக்கு அருகே ஒரு சின்ன முக்கோணம், அதற்குள் ஓர் எண். அதற்கு மட்டும் அவளுக்கு அர்த்தம் தெரியவில்லை.

முக்கோணம் இருந்தால் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் விவரம் இருந்தது. பழுது பார்த்தபோது இரண்டு குழாய்களும் இடம் மாற்றப்பட்டன. இடதில் இருந்தது வலதுக்கு, வலதில் இருந்தது இடதுக்கு. நிறப் பட்டையைப் பார்த்து இணைக்கவும். தேதி, விபத்துக்குப் பதினோரு நாள் முந்தையது. இடையில் ஆசிட் லாரியோ பிளீச்சிங் லாரியோ வரவில்லை, அன்று வந்ததுதான் முதல் லாரி.

நான் படித்துச் சொல்லி முடித்ததும், அவள் ஒரு விஷயம் சொன்னாள். அதை அவள் சொன்ன மாதிரியே சொல்லிவிடுகிறேன்.

"அவருக்குச் செவப்பு பச்சை தெரியாது டீச்சர். கல்யாணமான புதுசுல செவப்பு நூல் வாங்கிட்டு வாங்கன்னா பச்சை நூலோட வருவாரு. நான் கிண்டல் பண்ணுவேன். நூல் கண்டுல எல்லாம் நம்பர் எழுதி ஒட்டி வெச்சேன், அவருக்காக. ஆலையில கண்ணு டெஸ்ட்டுன்னதும் அண்ணன் அந்தப் புத்தகத்துல இருக்கற நம்பரை எல்லாம் வரிசையா காலண்டர் தாளுக்குப் பின்னாடி எழுதிட்டு வந்து குடுத்தாரு. நான்தான் ஒரு வாரம் உக்காந்து சொல்லிக் குடுத்தேன். வாய்ப்பாடு மாதிரி. பன்னெண்டுக்கு அப்புறம் என்ன? எட்டு. எட்டுக்கு அப்புறம்? தப்பா சொன்னா டீ கிடையாதும்பேன். அவ்ளோ சிரிச்சோம்."

உயரம் அளப்பது, மார்பு அளப்பது போல அதையும் ஒரு சடங்கு என்றுதான் மூவரும் நினைத்திருக்கிறார்கள். ஆலையில் நிறத்தைப் பார்த்துச் செய்யும் வேலை இருக்கிறதென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. கணவர் வீட்டில் மூச்சு விட்டதில்லை. பதின்மூன்று வருடம் இடது கை ஆசிட், வலது கை பிளீச் என்று மனதில் வைத்து ஓட்டியிருக்கிறார். இடம் மாறிய பிறகு யாரிடம் கேட்பார்? கேட்டால் வேலை போய்விடும். பழகிய கை பழகிய பக்கம் போயிருக்கிறது.

"அப்ப எங்க அண்ணன் சொன்னது?" என்று கேட்டாள்.

ஆசிட்டை பிளீச் தொட்டியில் இறக்கு என்று எந்த இன்சார்ஜும் சொல்ல மாட்டார், சொல்வதற்கு ஒரு காரணமும் கிடையாது. அறிக்கைப்படி அந்த நேரத்தில் அவர் ஆலையின் மறுகோடியில், கூழ் வேகும் இடத்தில் இருந்திருக்கிறார். ஒன்பது வருடம் முன்பே யாராவது நிதானமாக யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பழியை ஏற்க ஒருவர் முன்வந்தபின் யார் யோசிப்பார்கள்? அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால், இத்தனை வருட அனுபவசாலி ஏன் மாற்றி மாட்டினார் என்று தோண்டுவார்கள். கண்ணைச் சோதித்த தாள் வெளியே வரும். சோதனையில் எப்படித் தேறினார் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எந்த வீட்டுக்குப் போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"பொய்தான் சொல்லியிருக்கார் அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அண்ணியிடம் நான் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் எனக்கே திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போகத் துணைக்கு வரச் சொன்னாள். சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே ஒற்றை அறை. படியில் அவள் மூன்று தடவை நின்றாள். கதவைத் திறந்த அண்ணி அவளைப் பார்த்தாள், பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள், ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில், இரண்டு தலையணையில் சாய்ந்து, எலும்பும் தோலுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சும் சல்லடையில் சலித்த மாதிரி வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்த உடனேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"எத்தனாவது பாடத்துல பாப்பா?" என்று கேட்டார். குரல் இல்லை, காற்றுதான்.

"மூணாவது."

"மூணாவதுலயேவா? கடைசில வரும்னு நெனச்சேன். அதுக்குள்ள நீ சலிச்சுப் போயி விட்டுடுவேன்னு நெனச்சேன்."

அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று அதையே கேட்டாள். அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்ள நேரம் எடுத்தது.

"தாளை எழுதிக் குடுத்தது நான். அது என் தப்புதான், நான் சொன்னதுல பாதி நெசம்" என்றார். பிறகு, "என்னைத் திட்டினா உனக்கு நான் ஒரு ஆள் இருந்தேன். உன்னையே நீ திட்டிக்க ஆரம்பிச்சா, அதை யாரு வந்து நிறுத்தறது பாப்பா?" என்றார்.

அவள் அவர் பாதத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நான் படியிறங்கிக் கீழே வந்து, சைக்கிள் கடை வாசலில் டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு யார்மேலும் கோபப்பட எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு அவர் நாலு மாதம் இருந்தார். கோட்டக்கா தினமும் கடையை மதியமே மூடிவிட்டுப் போவாள். கஞ்சி கொடுப்பாள், முதுகைத் தடவிவிடுவாள், மகளையும் மருமகனையும் கூட்டிப் போய்க் காட்டினாள். பேச அவருக்கு மூச்சில்லை, அதனால் இவளே பேசிக்கொண்டிருப்பாளாம். சிமெண்ட் எப்படிச் செய்கிறார்கள், சர்க்கரையை எப்படி வெளுக்கிறார்கள் என்று அந்த வாரப் பாடத்தை ஒப்பிப்பாள். அவர் கண்ணை மூடிக் கேட்பார், தப்பாகச் சொன்னால் விரலை ஆட்டுவார். ஒன்பது வருடத்துக்கு நாலு மாதம் எந்த மூலைக்கு? ஒருநாள் பாதிப் பாடத்தில் விரல் ஆடவில்லை.

காரியம் முடிந்த பத்தாம் நாள் பரீட்சை. வரமாட்டாள் என்று நினைத்தேன், வந்தாள். கேள்வித்தாளைப் பாடம் தொடங்கும் முன்பே அச்சுக்குக் கொடுத்திருந்தேன், மாற்ற வழியில்லாமல் போனது. நாலாவது கேள்வி: குழாய்களின் நிறங்களை வைத்து வேலை செய்யும் இடத்தில் கவனிக்க வேண்டியவை யாவை? ஐந்து மதிப்பெண். அவள் அந்தப் பக்கத்தை வெறுமையாக விடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் விடைத்தாளைத் திறந்தேன். மற்ற பிள்ளைகள் ஒரு பக்கத்துக்குப் பட்டியல் போட்டிருந்தார்கள். அவள் எழுதியது இரண்டே வரி. தையல் போட்ட மாதிரி நேரான கையெழுத்து.

"கண் சோதிக்கும்போது புத்தகத்தின் பக்கங்களை வரிசை மாற்றிக் காட்ட வேண்டும். வரிசையாகக் காட்டினால், வீட்டில் இருப்பவர்கள் பாசத்தில் மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பிவிடுவார்கள்."

ஐந்துக்கு ஐந்து போட்டேன். இப்போதும் மூன்றாவது பாடத்துக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துப் போகிறேன். நடுவில் எங்காவது திறக்கிறேன்.